கயிறு சுற்றிய கை

என் வலது கையை நான் அடித்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இடது கையில் தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு, வலது கையைத் தொழுவத்துக் கல்தூணில் சாய்த்து வைத்து, கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனை அடிப்பதுபோல் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறேன். அதற்கு வலிக்கவில்லை. அதில்தான் என் ஆத்திரம் இன்னும் கூடியது. அடித்து முடித்துப் பார்த்தால் தோல் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருக்கும். பிறகு நான்தான் மஞ்சள் வைத்துக் கட்ட வேண்டும், அதுவும் ஒரே கையால்.

அந்தக் கை போனது ஒரு சாரல் காலத்தில். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையெல்லாம் எண்ணெயாக, பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்த வேன் ஒன்று, இலஞ்சி விலக்குப் பக்கம் என் பைக்கை அடித்துத் தூக்கிப் போட்டது. விழுந்த வேகத்தில் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டன என்றார் டாக்டர். நாற்றைப் பிடுங்கினால் வேறு இடத்தில் நடலாம். இதை எங்கே நடுவது? அன்று முதல் தோளில் தொங்கிக்கொண்டு கூடவே வந்தது. வேலைக்குப் போகும்போது அதைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன்.

வீடு பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஓட்டு வீடு, தகரம் போட்ட தொழு, ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, அதை ஒட்டி ஒரு துண்டு வயல். வாசலில் நின்றால் திருமலைக் கோயில் தெரியும். இதை விட்டுவிட்டுத் தென்காசியில் மகள் வீட்டு மாடிக்குக் குடிபோகலாம் என்பது என் வீட்டுக்காரியின் கட்சி. நான் மாட்டேன் என்றேன். துக்கம் கேட்க வந்தவர்கள் வேறு, "தன் கையே தனக்குதவி, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்தக் கையைச் சொல்கிறோம் என்று ஒருத்தருக்கும் யோசனை இல்லை. சவத்து மூதிகள்.

இடது கையைப் பழக்குவதற்குள் என் உடம்பே கிழிந்துபோனது. முதன்முதல் இடது கையால் அருவாளை வீசியபோது அது மட்டையை விட்டுவிட்டு என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. தேங்காய் உரிக்கும் கம்பியில் உள்ளங்கை குத்திக்கொண்டது. அடுப்புப் பக்கம் குனிந்தபோது வலது கை தணலில் கிடந்து வெந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. என்ன வாடை இது, என்ன வாடை என்று வீடு முழுக்கத் தேடினேன். வீட்டுக்காரிதான் அலறிக்கொண்டு வந்து என் கையைத் தூக்கித் தண்ணீருக்குள் முக்கினாள்.

அந்த வருஷம் பன்றி இறங்கியது. மலையிலிருந்து கூட்டமாக வந்து வயலைக் கடப்பாரை போட்டுக் கிண்டியதுபோல் கிண்டிவிட்டுப் போகும். எங்கள் நாய் சும்மா இருக்காமல் குறுக்கே போனது. காலையில் போய்ப் பார்த்தால் வயிறு கிழிந்து குடல் வரப்பில் கிடக்கிறது, உயிர் மட்டும் போகவில்லை, என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. அதை நான்தான் முடித்து வைத்தேன். எப்படி என்று சொல்லமாட்டேன். ஒரே கையால் குழி தோண்ட உச்சிப்பொழுதாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்காரி சாப்பிடவில்லை. நானும்தான்.

பன்றிக்குப் பயந்து பக்கத்து வயல்காரர் தன் வேலிக் கம்பியில் கரண்ட் விட ஆரம்பித்தார். என்னைவிட மூத்தவர், ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. அது சட்டப்படி தப்பு என்று ஊருக்கே தெரியும். பன்றி எல்லோர் வயலுக்கும்தான் வருகிறது என்பதால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இருட்டியதும் மோட்டார் ரூமிலிருந்து வயரை இழுத்துக் கம்பியில் மாட்டுவார். விடிகாலையில் திருமலைக் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டதும் கழற்றிவிடுவார். எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டுதான் கடிகாரம். பால் கறப்பது, வயலுக்குத் தண்ணீர் திறப்பது எல்லாமே பாட்டு கேட்ட பிறகுதான். பாட்டுக்கு முன்னால் அவர் வேலிப் பக்கம் யாரும் போவதில்லை.

இனி கயிற்றுக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு பசு இருந்தது. தலைச்சினை, நிறைமாதம். வீட்டுக்காரி அதோடு பேசுகிற அளவுக்கு என்னோடு பேசியதில்லை. அதை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போகும்போது கயிற்றைப் பிடிக்க ஒரு கை வேண்டும், புல் அறுக்க ஒரு கை வேண்டும். எனக்கு இருப்பதோ ஒன்று. அதனால் கயிற்றை வலது மணிக்கட்டில் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவேன். உயிருள்ள கைக்கு உதவாத சனியன் ஒரு கட்டுத்தறியாகவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மாடும் சாது. வேலை ஓடியது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். கயிறு இறுகி மணிக்கட்டு கறுத்துப்போயிருந்ததையும் பார்த்தாள்.

"என்ன செய்து வச்சிருக்கிய? மாடு மிரண்டா என்ன ஆவும்னு தெரியுமா?"

"அது மிரளாது, போடி."

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. இன்னொரு தடவ அந்தக் கையில கயித்தப் பாத்தேன், அன்னைக்கே மாட்ட வித்துட்டு மக வீட்டுக்குக் கிளம்பிருவேன். நீங்க இங்கன ஒத்தையில கெடந்து சாவுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் இனி காபி போடமாட்டேன் என்று ஏதோ கோபத்தில் சொன்னாள், இன்றுவரை எங்கள் வீட்டில் டீதான். அவள் போய்விட்டால் இந்த வீடு ஒரு மாதம்கூடத் தாங்காது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அவள்தான், நெல்லைத் தூற்றுவது அவள்தான், எனக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவதும் அவள்தான். வாய்க்கு வாய் என் வீடு, என் வயல் என்று கத்துகிறேனே தவிர, பாதி உடம்பு அவளுடையது. அதனால் கயிறு சுற்றுவதை விட்டேன். அதாவது, அவள் கண்ணுக்கு எதிரே விட்டேன்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி முழுக்கச் சாரலும் காற்றும். விடிகிறதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாததால் கோயிலில் பாட்டுப் போடவில்லை. நான் எழுந்து வெளியே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. தொழுவத்துத் தகரம் ஒன்று ஆணி பிடுங்கிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது விழுந்தால் மாட்டின் முதுகில்தான் விழும்.

வீட்டுக்காரி அடுக்களையில் இருந்தாள். மாட்டை அவிழ்த்து வெளியே கொண்டுவந்தேன். தகரத்தைக் கட்டியிருந்த பழைய கயிற்றை அறுத்துவிட வேண்டும். அருவாளை எடுக்கக் கை வேண்டும். ஒரு நிமிஷ வேலைதானே என்று மாட்டுக் கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டேன். அருவாளை எட்டித் தகரத்தின் கட்டில் வைத்தேன்.

காற்று ஒரு தூக்குத் தூக்கியது. தகரம் பிய்ந்துகொண்டு பறந்து மாட்டின் காலுக்கு முன்னால் போய் விழுந்து அலறியது. மாடு மிரண்டு ஓடியது.

நான் நின்ற இடத்தில் இல்லை. முகம் சேற்றில் போகிறது, வாயில் மண், கல்லில் நெஞ்சு இடித்துத் துள்ளுகிறது. நிறைமாதச் சினை என்று யார் சொன்னது, அந்த ஓட்டம் ஓடுகிறது. அருவாளை மட்டும் நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. தென்னைகளுக்கு ஊடே, அண்ணாச்சி வேலியைப் பார்த்துத்தான் மாடு போகிறது என்பது தெரிந்தது. கரண்ட் இல்லையே, கம்பியில் முட்டி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவருடைய மோட்டார் தானாக ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது.

பாட்டு போடவில்லை. பாட்டு கேட்காவிட்டால் அவர் வயரைக் கழற்றமாட்டார். கம்பியில் இப்போது கரண்ட் ஓடும். பின்னால் வீட்டுக்காரியின் குரல்.

"கயித்த வெட்டுங்க. வெட்டி விடுங்க கயித்த."

வெட்டியிருக்கலாம். அருவாள் கையில்தான் இருந்தது. வெட்டினால் நான் கிடந்துவிடுவேன். மாடு நேரே கம்பியில் போய் விழும், வயிற்றுக் கன்றோடு. எனக்கு அந்த நேரத்தில் மாட்டின் மேல் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. கொலைவெறிதான் இருந்தது. மாட்டின் மேல், அண்ணாச்சி மேல், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கையின் மேல். முந்தின சாரலில் விழுந்த தென்னை ஒன்று வழியில் குறுக்கே கிடந்தது. ஒற்றைக் கையால் அறுத்துப் போட முடியாமல் விட்டிருந்தேன், அதற்கு வீட்டுக்காரியிடம் தினமும் வசவு வாங்குவேன். மாடு அதைத் தாண்டிக் குதித்தது. நான் அதில் மோதினேன். மோதிய வேகத்தில் அருவாளை ஓங்கி மரத்தில் இறக்கினேன். வளைந்த நுனி பாதிக்கு மேல் உள்ளே போய்க் கடித்துக்கொண்டது. பிடியை விடவில்லை.

கயிறு விறைத்தது. இடது கை மரத்தில், வலது கை மாட்டில், நடுவில் நான். வலது கையில் மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு சத்தமும் கேட்டது. வலி இல்லை. திரும்பிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மாடு இழுக்க இழுக்க அது இன்னும் நீண்டது. ஆனால் மாடு நின்றுவிட்டது. மூக்கு நுனிக்கும் கம்பிக்கும் இரண்டு முழம்கூட இல்லை.

வீட்டுக்காரி என்னைத் தாண்டி ஓடினாள். கையில் வாசல் பெருக்கும் வாரியல். மாட்டுக்கும் கம்பிக்கும் நடுவே போய் நின்றுகொண்டு, தன் செல்லத்தின் மூஞ்சியிலேயே வெறி பிடித்த மாதிரி வாரியலால் அடித்துப் பின்னால் தள்ளினாள். மாடு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கியது. அவள் வந்து கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு சதைக்குள் போயிருந்தது. மரத்திலிருந்து அருவாளைப் பிடுங்கி வெட்டினாள்.

அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தார். "பாட்டு கேக்கலயே தம்பி. பாட்டு கேட்டாத்தான நான் கழட்டுவேன்."

என் இடது கை அவர் கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தார். அழுதுகொண்டே ஓட்டினார்.

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோடு எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். இலஞ்சி விலக்கில் வண்டி நகரவில்லை. முன்னும் பின்னும் குற்றாலத்துக்குப் போகிற கார்கள். அதே இடம். எனக்குச் சிரிப்பு வந்தது, பல்லெல்லாம் மண். அண்ணாச்சி ஹாரனை அமுக்கிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். முன்னால் நின்ற வேனிலிருந்து ஒருவன், இங்கு எல்லோருக்கும்தான் அவசரம் என்றான். வீட்டுக்காரி கீழே இறங்கினாள். அருவாளை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. சேலையெல்லாம் என் ரத்தம்.

"வழி விடுதியளா, இல்ல கண்ணாடியில இத எறக்கட்டுமா?"

வழி விட்டார்கள். ஒரு காரைத் தள்ளியே ஓரங்கட்டினார்கள். அவள் ஆட்டோவுக்கு முன்னால் அருவாளோடு நடந்தே போனாள்.

தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே, இதை வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்று முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் வெறுத்த கை. மயக்கம் தெளிந்து பார்த்தபோது அது இல்லை. நான் விம்மி விம்மி அழுதேன். நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க வீட்டுக்காரி கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகள்தான் மாடி ரூமைக் காலி செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்காரி எழுந்து என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஊருக்கு வந்தபோது தொழுவத்தில் கன்று நின்றது. அண்ணாச்சிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாராம். வேலிக் கம்பியைச் சுருட்டி எங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். இதற்கு மேல் தாங்காது என்று நானே கேட்டுவிட்டேன்.

"எப்பம் கிளம்புத?"

"எங்க?"

"மக வீட்டுக்கு. நீதான சொன்ன, கயித்தப் பாத்தா கிளம்பிருவேன்னு."

அவள் கன்றின் கழுத்தில் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், தொங்கிய வெறும் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"அந்தக் கையில பாத்தா கிளம்பிருவேன்னு சொன்னேன். அதுதான் எனக்கு முன்னாலயே கிளம்பிருச்சே. சும்மா உக்காந்திருக்காம இங்கன வாங்க. நான் பால் கறக்கணும், இதப் பிடிங்க."

போனேன். கன்றின் கயிற்றை என் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"சுத்தாதிய. பிடிங்க."

கன்று முட்டி முட்டி இழுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைக்கக் கை இல்லை. அவள் மாட்டுக்கு அடியில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலே, பால் கறக்க ஆரம்பித்தாள்.