கங்காணியின் தொண்டையில் எலும்பு இல்லை

முனியாண்டி அண்ணன் போய்விட்டார்... இன்று காலையில், கிள்ளான் ஆஸ்பத்திரியில்.

எங்கள் எஸ்டேட் துரையின் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அங்கே லோரி ஓட்டுகிறவன். ஆளாளுக்கு விசாரிக்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதுகிறேன்.

வெறிநாய் நோய். அந்த வார்த்தையை எழுதவே பயமாக இருக்கிறது.

சீமையிலிருந்து அந்த ஹவுண்ட் நாய்கள் கப்பலில் வந்தபோது, போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு லோரி கொண்டுபோனது நான்தான். தொங்குகாது, ஓயாமல் ஆடுகிற வால், யார் கூப்பிட்டாலும் போகிற சுபாவம். திருடன் வந்தால் அவன் கையையும் நக்கும்.

"என்னண்ணே, இதுக்குக் குரைக்கவே தெரியாது போல?" என்று கேட்டேன்.

"பன்னி வாசம் மூக்குல படட்டும், அப்புறம் பாரு தம்பி. நீ என்னா கத்தினாலும் திரும்பாது. மூக்கு போற பக்கம்தான் காலு போவும்."

அப்படியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் லாலாங் புல்லுக்குள் அவை கூட்டமாக ஊளையிட்டால் பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

இந்த ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அந்தக் காது சீழ் பிடித்துவிடும். அண்ணன் தினமும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் காதுக்குள் துடைப்பார், உண்ணி பிடுங்குவார். வேட்டை முடிந்து வந்தால் ஒவ்வொரு பாதத்தையும் மடியில் வைத்து முள் எடுப்பார். அதிலேயே அவர் விரலெல்லாம் கீறல்... அந்தக் கீறல்தான்.

முன்னால் ஓடுகிற நாய்க்குத் துரை ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். அண்ணன் அதைக் 'கங்காணி' என்றுதான் கூப்பிடுவார், மற்றதையெல்லாம் அதட்டி மேய்க்கிறதாம். விஷயம் தெரிந்து, ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற எஸ்டேட் கங்காணி எங்கள் இரண்டு பேரிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். "நாயே கோவிச்சுக்கல, அவரு ஏன் கோவிச்சுக்கிறாரு?" என்றார் அண்ணன். எவ்வளவு சிரித்தோம்...

வேட்டைக்குப் போய் வந்தால் ஹவுண்டுக்குத் தொண்டை கட்டும். கத்திக் கத்திக் குரல் போய்விடும், வெதுவெதுப்பாகக் கஞ்சி வைத்தால் மறுநாள் சரியாகிவிடும். எங்களுக்கு அது பழகின சங்கதி.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை கங்காணியின் குரல் உடைந்திருந்தபோது யாருக்கும் பயம் வரவில்லை.

மறுநாளும் சரியாகவில்லை. தாடை தொங்கிப்போய் எச்சில் ஒழுகியது. கஞ்சியைப் பார்க்கிறது, விழுங்க முடியவில்லை. கடிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. வெறி பிடித்த நாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"பன்னி எலும்பு மாட்டிக்கிட்டிருக்கு லா. நீ வாயைப் புடிச்சுக்க தம்பி, நான் எடுத்துர்றேன்."

நான் பிடித்துக்கொண்டேன். அவர் மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார். "ஒண்ணும் இல்லியே..." என்றார்.

நாய் செத்துப்போனது. மாட்டு டாக்டர் அதன் தலையைச் சோதனைக்கு எடுத்துப்போனார். வெறிநோய்தான் என்று பதில் வந்ததும், எங்கள் இரண்டு பேரையும் உடனே கோலாலம்பூருக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் தங்கி, நான் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். அண்ணன் கொஞ்ச நாள் வந்தார், அப்புறம் வரவில்லை. தேடிக்கொண்டு எஸ்டேட்டுக்கே போனேன். மிச்ச நாய்களுக்கும் நோய் இருக்குமோ என்று தனித்தனியாகக் கட்டியிருந்தார்கள், அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"கூட்டமா வளந்ததுங்க தம்பி. தனியா கட்டினா சோறு திங்காது. நான் உக்காந்தாதான் வாய வைக்குதுங்க."

"அப்ப ஊசி, அண்ணே?"

"நாளைக்கி வரேன்."

நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கே அவர் கழுத்து இழுத்துக்கொண்டது. ஒரு மனுஷன் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை... என் கால் வாசலைத் தாண்டவில்லை.

"கிட்ட வராத தம்பி," என்றார். கங்காணிக்கு உடைந்த மாதிரியே குரல் உடைந்திருந்தது. "நாயிங்க சாப்டுச்சா?"

எனக்குத் தெரியாது. வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

என் ஊசியெல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றும் ஆகாது என்கிறார் டாக்டர். ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் பேசிப் பார்க்கிறேன், அப்புறம் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். மகளைத் தூக்குவதில்லை. வீட்டுக்காரி பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறாள். அவளும் நான் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இன்று சேதி வந்ததும் நாய்க்கொட்டகைக்குப் போனேன். கஞ்சிச் சட்டிகளைக் கம்பால் தள்ளிவிட்டேன். ஒன்றுகூட வாய் வைக்கவில்லை, எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஓடிவந்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் அவர் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

சாப்டுச்சுங்க அண்ணே... நீங்க போய்ட்டு வாங்க.