தானே புயலுக்குப் பிறகு இளைத்த மரங்கள்

திலகவதிக்கு எதையும் படித்துப் பார்க்காமல் தட்டச்சு செய்ய வராது. சேத்தியாத்தோப்பில் டைப்ரைட்டிங் கற்ற காலத்திலேயே மாஸ்டர் இதற்காக அவளைத் திட்டியிருக்கிறார். கண் பார்க்க வேண்டும், விரல் அடிக்க வேண்டும், நடுவில் மனசுக்கு வேலையில்லை என்பார். அவளுக்கோ மனசுதான் முந்திக்கொண்டு ஓடும்.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தாள். கணவன் சுதாகருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவன் ஷிப்டுக்குப் போனதும் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்பிங் கடை போட்டாள். மனு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. பாகப்பிரிவினை மனுவைப் பாதி அடித்துவிட்டு, "அப்புறம் உங்க சின்ன மச்சான் என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். சிலர் நாற்காலியை இழுத்துப்போட்டுச் சொல்வார்கள். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

போன வருஷம் ஒருநாள் பொற்கொடி என்ற பெண் ஒரு பென்டிரைவோடு வந்தாள். கடலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. நெய்வேலி நகரியத்துச் சாலையோர மரங்களை ஒரு மர ஆர்வலர் குழு, 2011 கடைசியில் அடித்த தானே புயலுக்குச் சில மாதம் முன்பு ஒருமுறையும், புயல் ஓய்ந்து சில மாதத்தில் மறுமுறையும் அளந்திருந்தது. மரத்துக்கு ஓர் அட்டை. பிளாக், சாலை, மரத்தின் பெயர், இரண்டு முறையும் அளந்த அடிமரச் சுற்றளவு, ஒவ்வொரு முறையும் அளந்தவரின் முதலெழுத்து, எல்லாம் கையெழுத்தில். அட்டைகளை ஸ்கேன் செய்து வைத்திருந்தாள்.

"இதெல்லாம் எக்செல்ல வரணும்க்கா. சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தேன். புங்கன் மரத்தைப் பூனைன்னு படிக்குது."

திலகவதி சிரித்துவிட்டாள். திரையின் ஒரு பாதியில் அட்டை, மறுபாதியில் எக்செல் என்று வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். மங்கிய மசியில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். பெரிதாக்கிப் பார்ப்பாள். புயலில் விழுந்த மரங்களின் அட்டையில் இரண்டாம் அளவு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பில் ஒரு கோடு மட்டும் இருக்கும். அந்த அட்டை வந்தால் கை சற்று நின்றுதான் நகரும்.

நின்ற மரங்களில்தான் வினோதம். ஒரு தூங்குமூஞ்சி மரம் புயலுக்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். பின்னால் நூற்றுத் தொண்ணூற்றேழு. தப்பாக அடித்துவிட்டோமோ என்று அட்டையைப் பார்த்தாள். அட்டையிலும் அப்படியேதான் இருந்தது. அடுத்த மரமும் இளைத்திருந்தது. அதற்கடுத்ததும்.

"புயல் அடிச்சா மரம் இளைக்குமாங்க?" என்று சாப்பிடும்போது சுதாகரைக் கேட்டாள்.

"நம்ம கூரை பறந்தப்ப நானே இளைச்சேன். மரம் இளைக்காதா?"

பொற்கொடிக்கு போன் போட்டாள். "கொஞ்சம் ஏறி இறங்கும்க்கா. ஆனா இவ்வளவு இளைக்காது. ஸ்கேன்ல ஏதோ கோளாறு போல" என்று அவளும் குழம்பினாள்.

திலகவதிக்கு வேலை ஓடவில்லை. எக்செல்லில் வரிசைகளை மாற்றி மாற்றி அடுக்கினாள். மரத்தின் பெயர்ப்படி அடுக்கியபோது, நெட்டிலிங்கம் அவ்வளவாக இளைக்கவில்லை, தூங்குமூஞ்சிதான் நிறைய இளைத்திருக்கிறது என்று தெரிந்தது. பிறகு அளந்தவர்படி அடுக்கினாள். இரண்டு முறையும் 'லூ' அளந்த மரங்களில் சிக்கலே இல்லை. முதலில் 'லூ', பிறகு 'ஆ' என்றால் மரம் இளைக்கிறது. முதலில் 'ஆ', பிறகு 'லூ' என்றால் அநியாயத்துக்குப் பருக்கிறது.

யாரோ ஒருவர் வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். குழுவில் விசாரித்ததில், 'ஆ' என்பது ஆனந்த்ராஜ், இப்போது மஸ்கட்டில் இருக்கிறான் என்றார்கள். 'லூ' லூசியம்மாள். நகரியத்தில் நர்சாக இருந்தவர், ஓய்வு பெற்று நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் பொற்கொடியும் நெல்லிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம், "டீச்சர், நீங்களே கேளுங்க. எனக்குக் கோவம் வந்துரும்" என்றாள் திலகவதி.

லூசியம்மாள் மாதா கோயில் பூசைக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். கதவைத் திறந்தவரைப் பார்க்க இருவரும் கீழே குனிய வேண்டியிருந்தது. திலகவதியின் தோளுக்குக்கூட வரவில்லை.

பொற்கொடி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். லூசியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வூட்ல குந்திகினு எழுதினேன்னு நெனைக்கிறீங்களா? டேப்பை எடுத்துகினு தெருத் தெருவா நடந்தேன். நெஞ்சு உயரத்துல அளங்கன்னு சொன்னாங்க. அப்படியேதான் அளந்தேன்."

"யார் நெஞ்சு உயரத்துலங்க?" திலகவதியின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"என் நெஞ்சுதான். அடுத்தவங்க நெஞ்சுக்கு நான் எங்க போவேன்?"

பிறகு பொற்கொடி மெதுவாகக் கேட்டாள். "ஆனந்த்ராஜ் எப்படி இருப்பாரும்மா?"

"அந்தப் புள்ளையா? வாலிபால் ஆடும். எங்க வூட்டு வாசல் நிலையில எப்பவும் தலையை இடிச்சிக்கும்."

பொற்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடிமரம் கீழே பருத்து மேலே போகப் போகச் சிறுக்கும். லூசியம்மாளின் நெஞ்சு பருத்த இடத்துக்கு நேராக இருந்தது, ஆனந்த்ராஜின் நெஞ்சு சிறுத்த இடத்துக்கு நேராக. நெட்டிலிங்கம் ஒரே சீராக ஏறும், அதனால் மாறவில்லை. நாலரை அடி என்று உயரத்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நெஞ்சு உயரம் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திலகவதிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "தப்பா நெனைச்சிட்டேன்ம்மா" என்றாள்.

"அத வுடு. காப்பி குடிச்சிட்டுப் போவீங்களாம்" என்று லூசியம்மாள் அடுப்படிக்குள் போனார்.

மறுவாரம் லூசியம்மாளே நெய்வேலிக்கு வந்தார். நின்ற மரங்களில் சிலவற்றை அவர் உயரத்தில் ஒருமுறை, ஆனந்த்ராஜ் மஸ்கட்டில் தன் நெஞ்சு மட்டத்தை அளந்து போனில் சொன்ன உயரத்தில் ஒருமுறை, நாலரை அடியில் ஒருமுறை என்று அளந்தார்கள். மேல் அளவுக்குக் கையைத் தூக்கி டேப்பைச் சுற்றியவளும் லூசியம்மாளுக்கு டேப்பின் நுனியைப் பிடித்தவளும் திலகவதிதான். எந்த மரம் எவ்வளவு சிறுக்கும் என்று பொற்கொடி கணக்குப் போட்டுப் பழைய எண்களைத் திருத்தினாள். எக்செல்லில் 'அளந்தவர் உயரம்' என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தது. இளைத்த மரங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய உடம்புக்குத் திரும்பின.

ஒன்றைத் தவிர. ஒரு வாகை மட்டும் எப்படித் திருத்தினாலும் இளைத்தே நின்றது.

"விட்டுடலாம்க்கா, ஒரு மரம்தானே" என்றாள் பொற்கொடி.

திலகவதி கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். "எந்த பிளாக்குன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். பார்த்துட்டு வந்துடறேன்."