அட்டைக்கடி

தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு அட்டைக்கடியெல்லாம் ஒரு கடியா? தெமோதரைப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஜெபமலரும் அப்படித்தான் நினைத்தாள். மகன் லூக்காஸை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு மலையிறங்கும்போது அவன் கணுக்காலில் ஒன்று தொங்கியது. பிடுங்கியெறிந்து, வெற்றிலைச் சுண்ணாம்பை அப்பிவிட்டு பஸ் ஏறினாள். வார்டில் "எங்கயாவது காயம் இருக்கா?" என்று கேட்டபோது இருவரும் இல்லையென்றே தலையாட்டினார்கள்.

லூக்காஸுக்கு இரத்தம் உறையாத நோய். ஜெபமலரின் தம்பி அதே நோயோடு பல் பிடுங்கப் போய்த்தான் செத்தான். போதாக்குறைக்கு, சின்ன வயதில் அடுப்பில் விழுந்து வெந்த லூக்காஸின் வலதுகை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கிடந்தன. இடதுகையால் சாப்பிட வெட்கப்பட்டுக் கல்யாண வீடுகளிலிருந்து பசியோடு திரும்புவான். வீட்டில் தாய்தான் ஊட்டுவாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. இரத்தம் உறைய ஊசி போட்டு, தொடைத்தோலை வைத்து விரல்களைப் பிரிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

மறுநாள் காலை ஊசி ஏற்றிவிட்டார்கள். தள்ளுவண்டி வரப்போகிற நேரம். ஜெபமலர் போர்வையைச் சரிசெய்தாள். சுண்ணாம்பு கரைந்து, கணுக்காலடியில் விரிப்பெல்லாம் சிவப்பு.

"அம்மா, சொல்லாதீங்க. சொன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

"ஊசி போட்டும் நிக்கலியேடா!"

"ஒங்களக் கும்பிடுறேம்மா." கைகூப்பப் பார்த்தான். வலதுகை விரியவில்லை.

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆண்டவரே, இதையும் என் வாயாலா சொல்ல வைக்கிறீர்! "டாக்டரம்மா, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

ஆபரேஷன் நின்றது. அவள் பிசைந்து நீட்டிய சோற்றைத் தள்ளிவிட்டு லூக்காஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மத்தியானம் புது இரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார்.

"போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஊசி மருந்த ஒடம்பே முறிச்சிடுது. கத்தி வச்சிருந்தா இரத்தத்த நிறுத்தியிருக்க முடியாது. வேற மருந்து கொழும்பிலருந்து வரணும். ஆபரேஷன் எப்பன்னு இப்ப சொல்ல முடியாது."

அவர் போனபிறகு ஜெபமலருக்குத் தம்பியின் முகம் கண்முன் வந்து நின்றது. சோற்றுத்தட்டை மூடிவைக்கப் போனாள்.

"அம்மா."

லூக்காஸ் எழுந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள், பார்க்க வந்தவர்கள் வேறு.

"பசிக்குது, ஊட்டிவிடுங்க" என்று எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தான்.