ஐந்து நாள் பொறுக்காத உறவுக்கு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி கேட்டார்கள். எழுதுகிறேன், கசந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது வளவனூரில். அப்பா காலமானதும் பள்ளியை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் ஓர் ஓட்டல் அடுப்படியில் வெந்தார். தங்கையான என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த பிறகே, பசிபிக் கடல் நடுவிலுள்ள ராரோதோங்கா தீவுக்குச் சமையல்காரராகப் போனார். அந்தத் தீவுப் பெண்ணான அண்ணியை அங்கேயே மணந்தார். 'தீவுக்காரி' என்று நம் ஆட்கள் முகம் சுளித்தார்கள். அண்ணனோ, "அவ பேசறது நியூசிலாந்து மாவோரிக்காரங்களுக்கே பாதிக்கு மேல புரியுதும்மா. தஹிதி, ஹவாயின்னு கடலு பூரா சொந்தம் வெச்சிக்கினு இருக்கறா" என்று பூரித்துப்போவார்.

சென்ற ஆண்டு என் மகள் கல்யாணத்துக்குத் தனியாக வந்தார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், விழுப்புரத்தில் என் வீட்டிலேயே மாரடைப்பில் சாய்ந்தார்.

அண்ணி போனில், அண்ணன் கற்றுக்கொடுத்த தமிழில் கெஞ்சினார். "நான் வரேன். அஞ்சு நாள். நெருப்பு வேணாம்." அந்தத் தீவில் இறந்தவர்களை வீட்டு வாசலிலேயே புதைப்பார்கள். தன் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் அண்ணனை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"அஞ்சு நாளு பொணத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? கல்யாண ஊடு. ஜல்தியா எடுங்கப்பா" என்றார் பெரியப்பா. ஐஸ் பெட்டி வந்து வாசலில்தான் இருந்தது. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலையே எரித்தோம். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்தோம். ஒரு பிடி எடுத்துவைக்க வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. சே, என்ன மனிதர்கள் நாம்!

ஐந்தாம் நாள் வந்த அண்ணி, "அவரு எங்க?" என்றார். ஆக்லாந்திலிருந்தும் தஹிதியிலிருந்தும் அவர் சொந்தங்கள் தீவுக்கு வந்து, குழி வெட்டிக் காத்திருந்தார்களாம். கடல் தாண்டி வந்தவர்களுக்குப் பொறுமை இருந்தது. திண்டிவனத்திலிருந்து வந்த நம் ஆட்களுக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தோள் கொடுத்தவர்களுக்கும், காரியத்தைச் சீக்கிரம் முடிக்க ஓடியாடியவர்களுக்கும் நன்றி சொல்வது முறை. சொல்லிவிட்டேன்.

அண்ணி இன்றும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். எடுத்ததும் "கியா ஓரானா" என்பார். நீ வாழ வேண்டும் என்று அவர்கள் வணக்கம் சொல்வது அப்படித்தான். அண்ணி, அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்னை மன்னிக்காதீர்கள்.