படகுக்குப் போட்ட மாலை

கடல் எங்கே இருக்கிறது, திருச்செங்கோடு எங்கே இருக்கிறது! எங்கள் ஊரில் கையில் காசு சேர்ந்தால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வாங்குவார்கள், இன்னும் சேர்ந்தால் இன்னொரு ரிக் வாங்குவார்கள். பூமியைத் துளைத்துத் தண்ணீரை மேலே கொண்டுவரத் தெரிந்தவர்களே தவிர, தண்ணீருக்கு மேலே போகத் தெரிந்தவர் மருந்துக்குக்கூட ஒருவர் கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்குள் ஓர் ஆடி மாதச் சாயங்காலம் என் சித்தப்பா ஒரு ஜெட் படகை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பட்டறை வாசலில் நிறுத்தினார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியவள் பையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

அதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். தார்ப்பாய்க்குள் இருப்பது கோழித்தீவனத் தொட்டி என்றார் ஒருவர். இல்லை, பணக்கார வீட்டுக் குளியல் தொட்டி என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். சித்தப்பா தார்ப்பாயை உருவினார். சிவப்பும் வெள்ளையுமாக, மூக்கு நீண்டு, முன்னால் கண்ணாடி வைத்து, ஸ்டியரிங் வைத்து, ஐந்து பேர் உட்கார இடமும் வைத்து, ஐயோ, என்ன அழகு! சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்ததும், இருக்கைகளை எலி கடித்திருந்ததும் என் கண்ணில் படவே இல்லை. கேரளத்தில் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து ஏலத்தில் எடுத்ததாம். இதற்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாதாம். அடிவயிற்றிலுள்ள சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்னாலுள்ள குழாயில் பீய்ச்சி அடிக்குமாம். அந்த உதையிலேயே பறக்குமாம். பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக் கரையில் தோப்பு வைத்திருக்கும் சித்தப்பாவின் கூட்டாளி, அனுமதியெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும், படகு ஓடினால் அங்கேயே சவாரி விடலாம் என்றும் சொல்லியிருந்தாராம்.

இந்த ஆசை சித்தப்பாவுக்கு ஏன் வந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ரிக். வடக்கே மழை பிடித்ததும் அது ஊருக்கு வரும், பட்டறையில் நின்று ரிப்பேர் பார்த்துக்கொள்ளும், ஆயுத பூஜை முடிந்ததும் சத்தீஸ்கர், ஒடிசா என்று மறுபடி கிளம்பிவிடும். வேலையாட்களை மட்டும் நம்பி அனுப்ப முடியாது, வீட்டாள் ஒருவர் கூடப் போகவேண்டும். அந்த வீட்டாள் எப்போதும் சித்தப்பாதான். கல்யாணம் ஆன பிறகும் அவர்தான். அந்த வருஷம் அவர் ஊர் திரும்பியபோது, மூன்று வயதுகூட ஆகாத அவருடைய மகன் சித்தியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, மாமா வந்திருக்கு என்றான். வீட்டுக்கு வரும் ஆண்கள் எல்லாரும் அவனுக்கு மாமாதான். நாங்கள் சிரித்தோம், சித்தப்பாவும் சிரித்தார். அடுத்த வாரம் படகு வந்துவிட்டது.

அப்பா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை.

"ஆயுத பூசைக்குள்ள இது தண்ணியில ஓடோணும்" என்றார். "ஓடுச்சுன்னா நீ வடக்க போவேண்டாம். ஓடலீன்னா இத வித்துப்போட்டு ரிக்குல ஏறிக்கோணும். செரியா?"

சித்தப்பா சரிங்கண்ணா என்றார். டீ கொண்டுவந்த அம்மா தட்டை வெல்டிங் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரிடம் பேசினாலும் எங்க ஊட்டுப் படகு, எங்க ஊட்டுப் படகு என்றே ஆரம்பித்தேன்.

முதலில் டிரெய்லருக்குக் கை வைத்தார்கள். உப்புத்தண்ணீரில் இறங்கி இறங்கி அதன் பேரிங் எல்லாம் துருவேறி, சக்கரத்தைத் தட்டினால் பொடி கொட்டியது. பேரிங்கை மாற்றிக் கிரீஸ் வைத்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு அது போதவில்லை. கம்ப்ரசர் ஏற்றுகிற வண்டிக்குச் சட்டம் கட்டிப் பழகிய கை அது. சோப்புப் பெட்டி மாதிரி ஒரு டிரெய்லரைத் தன் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, கனத்த இரும்புச் சட்டம், மினி லாரி ஆக்சில், அடியில் ஸ்பிரிங் பட்டை, புது டயர், படகைச் சறுக்கி இறக்க ரப்பர் உருளை, இழுத்து ஏற்ற ரிக்கில் கிடந்த வின்ச் என்று பூட்டிக்கொண்டே போனார். பெயிண்டர் வந்து, லாரிகளுக்கு எழுதிய கைப்பழக்கத்தில் பின்னால் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிவிட்டுப் போனார். படகைவிட டிரெய்லர் கனம் என்று பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். யானையே ஏறினாலும் தாங்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

எஞ்சின் வேலை அவ்வளவு சுலபமாக இல்லை. அதைப் பற்றிச் சொல்லித்தர ஊரில் ஆளில்லை. ஃபோனில் வெள்ளைக்காரர்கள் போடும் வீடியோக்கள்தான் கதி. அவர்கள் வாயில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோலப் பேசினார்கள். இங்கிலீஷ் மீடியத்துக்குக் கொட்டி அழுத பணம் இப்போதாவது உதவட்டும் என்று மொழிபெயர்க்க என்னை உட்காரவைத்தார்கள். அடடா, அந்த இரண்டு மாதமும் நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே! கிரீஸ் டப்பாமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அப்பாவையும் சித்தப்பாவையும் நிற்கவைத்து உத்தரவு போட்டேன். எனக்குப் புரிந்தது பாதி, மீதியை நானே கட்டிவிட்டேன்.

அதில் ஒருவர் திரும்பத் திரும்ப வேர் ரிங், வேர் ரிங் என்றார். வேர் என்றால் அணிவது, ரிங் என்றால் மோதிரம். மோதிரம் போட்டுக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்யவேண்டுமாம் என்று சொன்னேன். வெளிநாட்டுக்காரர்களுக்கும் சாங்கியம் இருக்கிறது போலும் என்று சித்தப்பா வியந்து, வேலைக்காகக் கழற்றி வைத்திருந்த கல்யாண மோதிரத்தை எடுத்துவந்து போட்டுக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. மெஷினுக்குள் கைவிடுகிறவன் எவனாவது மோதிரம் போடுவானா என்று முனகிக்கொண்டே ஃபோனை வாங்கி, சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார். பிறகு பின்பக்கக் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். அப்படியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இதென்றா பெரிய வித்தையாட்ட. நம்ம சப்மெர்சிபிள் மோட்டாரப் படுக்க வெச்சிருக்கறான், அவ்ளோதான்."

ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டாரில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் அதே இம்பெல்லர்தான் இதிலும் இருந்தது. அது சுற்றும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம். வேர் என்றால் தேய்வது என்றும் அர்த்தம் உண்டாம்; தேய்வதுதான் அந்த வளையத்தின் வேலை, அதனால்தான் வேர் ரிங் என்று பெயர். வளையம் தேய்ந்து இடைவெளி விழுந்தால் தண்ணீர் நழுவிவிடும், உதை இருக்காது. கேரளத்துக்காரர்கள் படகைத் தள்ளிவிட்டதற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று அப்பா கண்டுபிடித்தார். லேத்தில் அவரே புது வளையம் கடைந்தார். சித்தப்பா இம்பெல்லரின் இதழ்களை அரத்தால் ராவி முனை பிடித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் குழாய்க்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை அந்த இரண்டு மாதத்தில்தான் நான் பார்த்தேன். என் மொழிபெயர்ப்பை மட்டும் பட்டறை முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. ரிக், கம்ப்ரசர் வண்டி, லேத், டிரில், அப்பாவின் மொபெட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. படகுக்கு மட்டும் மாப்பிள்ளை உபசாரம். மூக்கில் திருநீற்றுப் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, தொடை தண்டிக்குச் செவ்வந்தி மாலை ஒன்றைச் சாத்தினார்கள். மறுநாள் காலையில் ஒரு வேன் நிறைய ஆளோடு ஆற்றுக்குக் கிளம்பினோம். டிரெய்லர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஆற்றங்கரையில் தோப்புக்காரக் கூட்டாளியின் டிராக்டர் எங்கள் டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளியது. படகு மிதக்கவில்லை. இன்னும் தள்ளியது, அப்போதும் மிதக்கவில்லை. லாரி உயரத்துக்கு டிரெய்லர் கட்டினால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் படகுக்குத் தண்ணீர் எப்படி எட்டும்? டிராக்டரின் பெரிய சக்கரம் பாதி முழுகி, ஓட்டுநர் சாமி பெயர்களாகச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் படகு அசைந்து கொடுத்தது. கரையில் ஒரே விசில். நானும் சித்தப்பாவும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினோம். தோப்புக்காரர் மாலையைக் கழற்றிவிடலாமே என்றார். முதல் ஓட்டம் முடியாமல் வண்டி மாலையைக் கழற்றுவார்களா என்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். படகு ஒரு துள்ளுத் துள்ளியது. அந்தத் துள்ளலில் மூக்கிலிருந்த மாலை அறுந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அழகாக மிதக்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எங்கள் அடியில் போய் மறைந்தது. கிர்ரென்று ஒரு சத்தம். எஞ்சின் உச்சஸ்தாயியில் அலறுகிறது, படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சித்தப்பா இன்னும் முறுக்கினார், இன்னும் அலறியது. பிறகு அணைத்துவிட்டார். கரையில் விசில் நின்றுவிட்டது.

சித்தப்பா ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "அவ்ளோதா அம்மிணி. நா ரிக்குலயே ஏறிக்கறேன்" என்றார். இரண்டு மாதமாக நான் போட்ட ஆட்டமெல்லாம் ஒரு மாலையோடு முடிந்ததா?

கயிறு வீசி எங்களை இடுப்பளவுத் தண்ணீருக்கு இழுத்தார்கள். அப்பா பூஜைக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியோடு ஆற்றில் இறங்கினார். ஏனுங்க, மேல வாங்க என்று கரையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினுக்குள் கைவிடுமுன் சாவியைத் தன்னிடம் வாங்கிக்கொள்வது ரிக்குக்காரர்களின் வழக்கம். சித்தப்பாவிடமிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லில் கட்டிங் பிளேயரைக் கடித்தபடி முழுகினார். மூச்சுக்கு எழுந்தார், மறுபடி முழுகினார். ஒவ்வொரு தடவையும் கைநிறையச் செவ்வந்தியும் நாரும் நூலுமாக வந்தன. கடைசியில் பெரிய நூல்பந்து ஒன்றை உருவி எடுத்து மேலே காட்டினார்.

பிறகு சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றார். மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்தேன். அப்பா, குடுங்கப்பா, சீக்கிரம் என்று நான் குதித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாவியைத் தம்பியிடம் நீட்டினார்.

"மோட்டாருக்கு ஒன்னுமில்ல, பூவுதான். எடுறா."

எடுத்தார் சித்தப்பா. அம்மாடி, அது படகா, பட்டாசா! மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் ஆளுயரத்துக்குத் தண்ணீரை விசிறி அடித்துக்கொண்டு, காவிரியைக் கிழித்துக்கொண்டு போனது. என் பின்னல் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். அடுத்த சுற்றுக்குச் சித்தியும் தம்பிப்பயலும் ஏறிக்கொண்டார்கள். மாமா, இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று அவன் சித்தப்பாவின் தொடையில் ஏறி நின்று கூவினான். சித்தப்பா அழுதுகொண்டே சிரித்தார். திரும்பும்போது கரையைப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் அப்பாவின் பக்கத்தில்கூட நிற்காத அம்மா, தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சளி பிடித்துவிடும் என்று பயம், பாவம். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அம்மா பதிலுக்கு ஆட்டவில்லை.

ஓடினால் நீ வடக்கே போகவேண்டாம் என்று அப்பா சொன்னாரே, அதற்கு என்ன அர்த்தம் என்பது அன்று பட்டறையில் இருந்த எல்லோருக்கும், டீத்தட்டோடு நின்ற அம்மா உட்பட, அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. அப்படியானால் ரிக்கோடு யார் போவது என்று கேட்கத் தோன்றாதவள் நான் ஒருத்திதான். அடுத்த வாரம் ரிக் கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்தில் பெட்டியும் போர்வையுமாக அப்பா ஏறி உட்கார்ந்திருந்தார். போயிட்டு வாரேன் சாமி, நல்லாப் படி என்றார். அப்பாவுக்கும் ஒரு தடவை ஊர் சுற்றிப் பார்க்க ஆசை வந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டு, பட்டறைக் கேட்டை ஓடிப்போய் நான்தான் அகலத் திறந்துவிட்டேன்.