தொள்ளாயிரத்தில் ஒரு சிகரம்

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்காக திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் நாலு வருஷம் பொடி அரைத்தவள் ஸ்ரீகலா. "மாவரைக்கவா திருவனந்தபுரம் போறா?" என்று பாறசாலைச் சொந்தங்கள் கேலி பேசின. பேசினால் பேசட்டும்! அந்தப் பொடியை நீல எல்.இ.டி. மேல் பூசினால், நீலத்தை விழுங்கி அகச்சிவப்பைக் கக்க வேண்டும். மாம்பழத்தை அறுக்காமலே அதன் உட்புறத்தைச் சோதிக்க அந்த ஒளி உதவும்.

ஒரு நாள் ஒளியை அளக்கும் கருவியின் வரைபடத்தில் அவள் பொடி தொள்ளாயிரம் நானோமீட்டரில், அகச்சிவப்பில், சிகரம் காட்டியது. அடேயப்பா, என்ன உயரம்! அதே ஆய்வகத்தில் அவளுக்கு இளையவன், காரக்கோணத்து அஜேஷ். அவன் பொடி மங்கலாகத்தான் ஒளிர்ந்தது. "இதெல்லாம் ஒரு வெளிச்சமாலே?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள். அப்பா ஞானசம்பந்தம் சும்மா இருப்பாரா? பனச்சமூடு சந்திப்பில் மகள் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். ஓணத்துக்கு ஊருக்குப் போன அஜேஷ் திரும்பவே இல்லை.

கட்டுரை எழுதும்போதுதான் குட்டு உடைந்தது. அவளுடைய நீல விளக்கின் அலைநீளம் நானூற்றைம்பது நானோமீட்டர். நீலத்தைத் தடுக்கும் வடிகட்டிக் கண்ணாடி வைக்காமல் அளந்தால், கருவி அதே நீலத்தை இரட்டிப்பான தொள்ளாயிரத்திலும் ஒருமுறை காட்டும். கண்ணாடியைச் செருகினாள். சிகரம் போன இடம் தெரியவில்லை. முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பாடம், சீ!

பேராசிரியரிடம் சொல்லிக் கட்டுரையை நிறுத்தினாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் பதறினார்.

"ஃபிளெக்ஸ் அங்க கிடக்கட்டு மக்கா. ஆருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா அப்பா."

அஜேஷ் கண்ணாடி வைத்தே அளந்திருந்தான்; ஆய்வகத்தில் உண்மையாக ஒளிர்ந்தது அவன் பொடி ஒன்றுதான். அவனைத் திரும்ப அழைத்தே ஆகவேண்டும் என்று புறப்பட்டாள். காரக்கோணத்தில் அவன் தன் மாமாவின் எலெக்ட்ரிக்கல் கடையில் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்க சிகரம் பொய்யாக்கும் மக்கா. உனக்க பொடிதான் நெசம். அது எங்க இருக்கு?"

"சிங்க்ல கொட்டிக் கழுவியாச்சு அக்கா."

"ஐயோ! எதுக்குலே?"

"நீங்க சிரிச்சதுக்குப் பொறவு நான் அத அளக்கவே இல்ல. அக்கா படிச்ச ஆளு, தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு நம்பினேன்."

திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். நம்பினேன் என்கிறவனிடம் எதை வாங்கிக்கொள்ள? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. திரும்பி வா என்று கூப்பிட வந்தவள், கூப்பிடாமலே கடையின் ஓரமாக ஒதுங்கினாள்.

யாரோ பல்பு கேட்டு வந்தார். அஜேஷ் அதை ஹோல்டரில் மாட்டி, எரிகிறதா என்று பார்த்த பிறகே கொடுத்தான்.