ஈ.சி.டி நாளில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி

கண்டி ஆஸ்பத்திரி மனநோய் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் எனக்கு வந்த ஆகப் பெரிய கோபம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் வந்தது. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரியாயியைக் கொண்டுவந்தார்கள். கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தபின் பேச்சை நிறுத்தியவள், பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினாள். கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. ஆள் கரைந்துகொண்டே போனாள். இனி ஈ.சி.டிதான் என்றார் டொக்டர். மயக்கம் கொடுத்து, தலையில் மின்சாரம் செலுத்தும் சிகிச்சை. வெறும் வயிறு கட்டாயம்.

குறித்த காலை போய்ப் பார்த்தால் அவள் வாயோரம் தேத்தண்ணி. அன்றைக்கு ரத்து. அடுத்த முறை ஊரடங்கு, மயக்க மருந்து டொக்டர் வரமுடியவில்லை. அதற்கடுத்த முறை மறுபடியும் தேத்தண்ணி. இன்னும் தள்ளிப்போட்டால் உயிர் தாங்காது என்ற நிலை.

பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணை நின்ற, மடவளை ஊர்க்காரரான பாத்திமா ராத்தாவின் வேலை அது என்று கண்டுபிடித்தேன்.

“என்ன வேலை பாத்தனீங்கள் ராத்தா? மயக்கத்தில அது மேல வந்து சுவாசப்பைக்குள்ள போனா ஆள் முடிஞ்சுது.”

“அல்லாவே, எனக்குத் தெரியா மிஸ். ஒத்தர்ட கையாலயும் ஒண்டும் எடுக்காத புள்ள, நான் குடுத்தா ரெண்டு முடறு குடிக்கிறா. அவ பட்டினில ஈக்க, நான் எப்படி மிஸ் குடிக்கிற?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் ஊட்டப் பார்த்துத் தோற்ற வாய் அது.

“அப்ப நீங்களும் குடியாதேங்கோவன்,” என்றேன் பகிடியாக.

ராத்தா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அடுத்த ஈ.சி.டி நாளில் நோன்பு பிடித்துக்கொண்டு, கட்டிலருகே கதிரையைப் போட்டு அவள் கையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு ஒவ்வொரு ஈ.சி.டி நாளும் அப்படித்தான்.

ஒருநாள் சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளிந்த பிறகு, மாரியாயிக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கியவள் குடிக்காமல் ராத்தாவின் பக்கம் நீட்டினாள்.

“நீங்களும் காலையிலேர்ந்து ஒன்னும் குடிக்கலையே அக்கா.”

வார்டுக்கு வந்தபின் அவள் பேசிய முதல் பேச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளை மீட்டது ஈ.சி.டிதான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பிள்ளைகளே, நோயாளியைப் பட்டினி இருக்கச் சொல்லும்போது, கூட இருக்க யார் இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

நோன்பு திறக்க இன்னும் நேரம் கிடந்தது. ராத்தா அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்தார்.